தலைவலி விசாரிக்க இருந்த ஒரே ஆள்

அக்கா,

இன்று காலை கோயம்பேடு போகும் ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் இருந்தவர் நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டார். மடியில் சாய்ந்திருந்த என் மகளும் விடிந்ததிலிருந்து தலைவலி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை உங்களைத்தான் நினைத்துக்கொண்டு போனேன்.

வார்டில் நமக்குப் பெயரே கிடையாது, ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நீங்கள் பூந்தமல்லி, நான் வேற்காடு. நம் பிள்ளைகள் இருவருக்கும் ஒரே நோய். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூளையையும் கண் நரம்பையும் தாக்கும் அபூர்வ நோய். மாத்திரையால் உப்பிய முகத்தைப் பார்த்து, "புள்ள நல்லா தேறிட்டாளே" என்று சொந்தக்காரர்கள் மெச்சுவார்கள். அதைக் கேட்டு என்னோடு சேர்ந்து சிரிக்க உங்களால்தான் முடிந்தது.

அப்போது என் மகளுக்குத் தலைவலியும் வாந்தியுமாகத் தொடங்கி, மூளைக்குள் நீரழுத்தம் ஏறி, கண் நரம்பு வீங்கிவிட்டது. முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்து அளக்க வேண்டும், தாமதித்தால் பார்வை போகலாம் என்றார் டாக்டர். முதுகுத் தண்ணி எடுத்தால் கால் விளங்காது என்று எங்கள் பக்கம் எல்லோரும் நம்புவார்கள். நானும் நம்பினேன். என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றார். தட்டு கழுவிக்கொண்டிருந்த நீங்கள் ஈரக்கையோடு வந்து, மகனின் சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினீர்கள்.

"பாத்துக்கோ அண்ணாத்தே, இவனுக்கு எத்தினி தபா எட்த்தாங்க தெரியுமா? டேய், ஓட்றா!"

அவன் வார்டு முழுக்க ஓடினான். நர்ஸ் பின்னாலேயே துரத்தினார். என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார், கையெழுத்தும் போட்டார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, "மொதல்ல நாங்களும் வாணாம்னுதான் சொன்னோம். அதான் இவனுக்கு ஒரு கண்ணு தெரியல" என்றீர்கள்.

வீடு திரும்பிய பிறகும் விடிந்தால் உங்கள் போன் வரும். "வேற்காடு, பாப்பாவுக்குத் தல நோவுதா? வாந்தி எட்த்தாளா?" மற்ற எல்லோரும் சாப்பிட்டாயா என்றுதான் கேட்பார்கள். இல்லை அக்கா என்றதும், "அப்ப இன்னிக்குப் பொழுது ஓடிரும், போ" என்று வைத்துவிடுவீர்கள்.

போன ஆடியில் மாரடைப்பில் நீங்கள் போய்விட்டீர்கள். இரண்டு பிள்ளைகளின் தலைவலியையும் அவ்வளவு விசாரித்த நீங்கள் உங்கள் நெஞ்சுவலியை யாரிடமும் சொல்லவில்லை. நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. இப்போது காலையில் உங்கள் மகனுக்கு நான் போன் செய்கிறேன். "தல நோவுதாப்பா?" என்று உங்களைப் போலவே கேட்கிறேன். "இல்ல ஆன்ட்டி" என்கிறான்.

இன்று டாக்டர் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். நரம்பில் வீக்கம் இல்லை, வெறும் சளி என்றார். வாசலுக்கு வந்து தங்கைக்குப் போன் செய்தேன். "சளிக்கா இவ்ளோ தூரம் போன?" என்றாள். அவள்மேல் தப்பில்லை. இந்தச் செய்திக்குச் சத்தம் போட்டுச் சிரிக்க இருந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

வெறும் சளிதான், அக்கா.