வெள்ளி நாணயம் கேட்ட பெண்கள்

மெல்போர்ன்,
12.8.1974

அன்புள்ள பவளம்,

நீயும் மாமியும் சுகமாக இருக்கிறீர்களா? எனக்குச் சின்னத் தடிமன்தான், மூக்கு ஒழுகுகிறது. நூலகத்தில் சத்தமாகப் படித்தேன் என்று வெளியே அனுப்பினார்கள். வெளியே நல்ல மழை.

நான் படிப்பது அமெரிக்க விவசாயிகளின் கதை. எண்பது வருடத்துக்கு முன் அங்கே கையிருப்புத் தங்கத்தின் அளவுக்குத்தான் பணம். அதனால் பணத் தட்டுப்பாடு; கோதுமை விலை விழுந்தது, கடன் மட்டும் அப்படியே நின்றது. பணம் பெருகட்டும் என்று வெள்ளியிலும் நாணயம் அடிக்கச் சொல்லி விவசாயிகள் கிளம்பினார்கள். பெண்களும் மேடையேறிப் பேசினார்கள். "விலை விழுந்தா முதல்ல தெரியிறது என்ர குசினி அடுப்பிலதான்" என்பாயே, அந்தக் குரலில்தான் அவர்களின் பேச்சை வாசித்தேன்.

விவசாயச் சங்கக் கூட்டத்தில் வெங்காயக் களஞ்சியம் கேட்கத் தயங்குவதாக எழுதியிருந்தாய். சேர்த்து வைக்க இடமில்லாமல் எல்லோரும் ஒரே கிழமையில் விற்றால் விலை விழாதா? கேள். அந்தப் பெண்களில் அநேகருக்கு வாக்குரிமையே இல்லை. உனக்கு வாக்கும் இருக்கிறது, வாயும் இருக்கிறது.

பக்கத்து வீட்டு யோகேஸ்வரன் மாஸ்டரின் ரேப் ரெக்கோடரில் உன் பேச்சைப் பதிந்து அனுப்பு. கொஞ்சம் மிளகாய்த்தூளும். தபால் கந்தோர் பூட்டப்போகிறது, முடிக்கிறேன்.

பேச்சு முடிந்ததும் ரெக்கோடரை நிற்பாட்டாதே. நீ வீட்டுக்கு நடந்து வந்து படலையைத் திறக்கும் வரைக்கும் ஓடட்டும்.

உன்
சச்சிதானந்தன்