பெரிய வாய்க்காலும் ஒரு குடையும்

திண்டிவனம்
திங்கட்கிழமை

அன்புள்ள சங்கவிக்கு,

நானும் உன் அப்பாவும் மட்டும் கடைசியாக எங்கே ஊர் சுற்றிப் பார்க்கப் போனோம் என்று போன வாரம் கேட்டாயே, யோசித்துப் பார்த்தேன். கல்யாணம், சாவு, உன் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டம் எல்லாம் நினைவுக்கு வந்தன, இருவராகப் போனது ஒன்றும் அகப்படவில்லை. மற்றபடி இங்கே இரண்டு பேருக்கும் சளியைத் தவிர வேறு குறை இல்லை. நீயும் மாப்பிள்ளையும் அந்தப் பெல்ஜியத்துக் குளிரில் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் சரி. வாட்ஸ்அப்பில் எழுதினால் உன் அப்பா படித்துவிடுவார், அதனால்தான் தபால்.

பெல்ஜியத்தில் அந்தக் கால்வாய் ஊரில், ப்ரூஜில், மழையில் சுற்றிய படங்கள் நாற்பத்திரண்டையும் பார்த்தேன். பல நூறு வருஷத்துப் பழைய ஊர் என்று எழுதியிருந்தாய், எல்லாப் படத்திலும் நீங்கள் இரண்டு பேரும்தான் இருக்கிறீர்கள், ஊர் உங்கள் காதோரமாகக் கொஞ்சம் தெரிகிறது. இன்னொன்றையும் கவனித்தேன். எல்லாவற்றிலும் குடை உன் கையில். மாப்பிள்ளை தேவா உன்னைவிட ஒரு முழம் உயரம், அவர் தலை நனையாமலிருக்க நீ கையைத் தூக்கிப் பிடித்து உன் இடது தோள் முழுக்க ஈரம். உயரமானவர் பிடித்தாலும் குடை மழையைத் தடுக்கும் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

மே மாதம் மூன்று வாரம் வந்து இருக்கச் சொல்லி நீ கூப்பிட்டதை உன் அப்பாவிடம் சொன்னேன். படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “இது இன்னா, வாய்க்கா. நம்ம பாண்டியில இல்லாத வாய்க்காவா? இதப் பாக்க ஏரோப்ளேன் ஏறணுமா?” என்றார். பேச்சோடு விடவில்லை. நேற்று ஞாயிறு, விடியலிலிருந்து மழை, “பெல்ஜியம் மாதிரியே இருக்கு, ஜல்தி கெளம்பு” என்று என்னைப் பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏற்றிவிட்டார். இரண்டு பேருக்கும் குடை ஒன்றுதான்.

பெரிய வாய்க்கால் உனக்குத் தெரியும், வெள்ளைக்காரர் இருந்த தெருக்களையும் நம்மவர் தெருக்களையும் பிரித்துக்கொண்டு ஊர் நடுவில் போவது. உங்கள் கால்வாயில் அன்னம் மிதந்தது. இங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி நான்கு காலும் மேலே தெரிய நகர்ந்துகொண்டிருந்தது. நான் பாலத்தில் நின்று அதைப் பார்த்தேன். உன் அப்பா வழக்கம்போல் பத்தடி முன்னால், குடையோடு. இருபத்தாறு வருஷமாக அந்த முதுகைப் பார்த்துத்தான் எல்லா இடத்துக்கும் போய் வந்திருக்கிறேன். வெள்ளைக்காரன் வாய்க்கால் எதற்கு வெட்டினான், படகு எப்படி விட்டான் என்று திரும்பிப் பார்க்காமலே விளக்கிக்கொண்டு போனார். நான் வரலாற்றில் எம்.ஏ. என்பது அவருக்கு எப்போதாவது நினைவு வரும், நேற்று வரவில்லை. தெருக்கோடியில் அவித்த மல்லாட்டைக் கடலை விற்றவள்தான் அவரை நிறுத்தினாள். “இன்னா சார், யாராண்ட பேசிக்கினு போற? உங்க ஊட்டம்மா அங்க பாலத்துல நனைஞ்சிக்கினு நிக்குது, நீ கொடைக்குக் கத சொல்லிக்கினு போறியே” என்று அவள் போட்ட சத்தம் பாலம் வரை கேட்டது. திரும்பி வந்து, “நீ பின்னாலயே வர்றேன்னு நெனச்சேன்” என்றார். பொய்யில்லை, கல்யாணத்திலிருந்தே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

பிறகு ஒரு மஞ்சள் சுவர் முன்னால் படம். ரேஷன் கார்டுக்கு நிற்பதுபோல் அவர், அவர் தோளுக்குப் பின்னால் என் அரை முகம். அவர் உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாரே, அதற்குத்தான் நீ ‘க்யூட்’ என்று பதில் போட்டாய்.

உண்மை திரும்பும் பஸ்ஸில் வந்தது. கிளியனூர் தாண்டியதும் சன்னலைப் பார்த்தபடி, “நீ மூணு வாரம் போய்ட்டா நான் சோத்துக்கு இன்னா பண்றது” என்றார். விமானம், வாய்க்கால் என்று சொன்னதெல்லாம் இதற்குத்தான். போன வாரமே என் பேரில் மட்டும் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்துவிட்டேன், நாளை விழுப்புரத்துக்கு நேரில் போக வேண்டும், அதைக் காலையில்தான் அவரிடம் சொல்லப் போகிறேன். எனக்கு வர வேண்டும் சங்கவி. உன்னைப் பார்க்க வேண்டும், அந்த அன்னங்களையும் என் வேகத்தில் நின்று பார்க்க வேண்டும். அவர் முகம் சுளித்தால் நான் நின்றுவிடுவேனோ என்பதுதான் பயம். எம்.ஃபில். இடம் கிடைத்தபோது அப்படித்தான் சேராமல் நின்றுவிட்டேன்.

ஈரத் தலையோடு தூங்காதே. ஒரே குடைக்குள் சண்டையில்லாமல் இரண்டு பேரும் நெடுங்காலம் நன்றாக இருங்கள். விசாவுக்கு அழைப்புக் கடிதம் அனுப்ப மறக்காதே.

உன் அம்மா
அம்சவள்ளி

செவ்வாய் மாலை. உறையை ஒட்டுவதற்குள் இதையும் எழுதிவிடுகிறேன். காலையில் சொன்னேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு குடையை எடுத்தார். விழுப்புரத்தில் இறங்கி, பத்தடி முன்னால் நடந்து பாஸ்போர்ட் அலுவலக வாசல்வரை போனார். காவலாளி, “பேரு இருக்கிறவங்க மட்டும் உள்ள வாங்க, சார் நீங்க அப்டி ஓரமா நில்லுங்க” என்றார். நான் உன் அப்பாவைத் தாண்டி உள்ளே போனேன். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது அதே இடத்தில் நின்றிருந்தார். பஸ் நிலையத்துக்கு நடந்தோம். பிறகு குக்கரில் பருப்புக்கு எத்தனை விசில் விட வேண்டும் என்று கேட்டார். மூன்று என்றேன்.