அம்மா சொன்ன சரி

ஜூன் 11, புதன்

மன்னிக்க வேண்டும். இந்த டைரி எனக்காக வந்ததில்லை. யாரோ எங்கள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்து அதிகாரிக்குக் கொடுத்தது, அவர் வேண்டாமென்று என் மேசையில் போட்டுவிட்டுப் போனது. பாதி வருடம் வெறும் பக்கமாகப் போனபின் எழுத வந்திருக்கிறேன். நாலு பேர் கூடிய இடத்தில் வாயைத் திறக்காதவள், காகிதத்தில் மட்டும் என்ன கிழித்துவிடப் போகிறேன்? ஆனாலும் இன்று எங்காவது சொல்லியாக வேண்டும்.

சிட்டுவின் பள்ளியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. சிட்டு என் தங்கை. எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. அடுத்த மாதம் அவளை ஊரின் மறுகோடியில் உள்ள சிறப்புப் பள்ளிக்கு மாற்றப் போகிறார்களாம். அவளுக்கு வகுப்பில் துணையாக இருந்த உதவி ஆசிரியை பிரசவ விடுப்பில் போய்விட்டார், பதிலுக்கு ஆள் கிடைக்கவில்லை, அதனால். கடைசி வரிதான் குத்தியது: ‘கூட்டத்தில் தாயார் சரி என்று சம்மதம் தெரிவித்தார்.’

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முடிக்கும்வரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் ஏன்டி அப்படிச் சொல்லப் போறேன்?”

“சரின்னு சொன்னியாமே?”

“சரின்னுதான் சொன்னேன். அவங்க பாட்டுக்குப் பேசிட்டே இருந்தாங்க. பெரிய மனுஷங்க பேசுறப்ப கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தா மரியாதையா இருக்குமா?”

அந்தக் கூட்டத்தன்று நான் வேலைக்கு லீவு போட்டிருக்க வேண்டும். போடவில்லை.

ஜூன் 12, வியாழன்

அப்பா லாரியோடு வெளியூரில். போனில் எல்லாம் கேட்டுவிட்டு, “நீ படிச்சவ, நீ பாத்துக்கோ” என்றார். எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான் பட்டம் வாங்கியவள். கேஸ் அடுப்பு எரியாவிட்டாலும் படிச்சவளைத்தான் கூப்பிடுகிறார்கள். நான் படித்தது வேதியியல்.

ஜூன் 13, வெள்ளி

சிட்டுவை விடப் போனேன். வாயிற்படியிலேயே லேஸ்காரி காத்திருந்தாள். சிட்டுவின் ஷூ லேஸைக் கட்டிவிடுவதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்ட பெண் அவள். சிட்டு வாயால் பேசுவதில்லை. இடுப்பில் ஒரு வளையம், அதில் கோத்த பட அட்டைகள். தண்ணீர், கழிவறை, வலிக்கிறது, போதும், விளையாடலாம். இந்தப் பள்ளிக்கு வந்தபின்தான் அந்த அட்டைகளுக்கு உயிர் வந்தது. காட்டினால் உடனே பதில் சொல்ல முப்பது குழந்தைகள் இருக்கிறார்கள் அல்லவா! இன்று ‘விளையாடலாம்’ காட்டினாள். “மணி அடிக்கப் போகுது, லூசு” என்றாள் லேஸ்காரி. சிட்டு சிரித்தாள்.

சிறப்புப் பள்ளி மோசமான இடம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கே அவளை யார் லூசு என்று கூப்பிடுவார்கள்?

திரும்பும்போது வகுப்பாசிரியை பின்னாலேயே வந்தார். செடியைப் பார்ப்பதுபோல் நின்றுகொண்டு, “இலவச சட்ட உதவி மையம்னு ஒண்ணு இருக்கும்மா, தபால் ஆபீஸுக்குப் பின்னாடி. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க” என்றார். நன்றி சொல்லக்கூட விடவில்லை. போய்விட்டார். இங்கேயாவது சொல்லிவிடுகிறேன்: நன்றி டீச்சர்.

ஜூன் 16, திங்கள்

வக்கீலம்மாவின் அறையில் இரண்டு நாற்காலி. ஒன்றில் கோப்புகள் உட்கார்ந்திருந்தன, அம்மா நின்றாள். அவர் எழுந்து கோப்புகளைத் தரையில் இறக்கி, அம்மாவை உட்கார வைத்தபின்தான் பேசவே ஆரம்பித்தார். வாயில் எப்போதும் ஓர் இருமல் மிட்டாய்.

“யாரு பட்டதாரி? நீயா? சத்தமாப் பேசும்மா, உன் பேச்சு உன் சட்டைப் பட்டனுக்குத்தான் கேக்குது.”

எல்லாம் சொன்னேன். அவர் சொன்னதை நினைவிலிருந்து எழுதுகிறேன். ஆள் இல்லை என்பதற்காகப் பிள்ளையை வெளியே அனுப்ப அரசுப் பள்ளிக்கு உரிமை கிடையாது. ஆளைத் தேடுவது பள்ளியின் பொறுப்பு. இடம் மாற்றுவதாக இருந்தால் பெற்றோருக்குப் புரியும்படி விளக்கி, அவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும். நாம் எதிர்த்து மனு கொடுத்துவிட்டால் விசாரணை முடியும்வரை சிட்டு இப்போது இருக்கும் வகுப்பிலேயே இருப்பாள்.

“அதுவரைக்கும் ஒருத்தரும் அவளை அசைக்க முடியாது” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இப்படி ஒரு சட்டத்தை எந்தக் காலத்திலோ உட்கார்ந்து யோசித்து எழுதியவர் யாரோ, அவர் நன்றாக இருக்கட்டும்.

“சிரிக்காதே, இன்னும் இருக்கு” என்றார், நான் அழுதுகொண்டிருந்தபோது. “கடிதத்தோட வந்த கூட்டக் குறிப்புல நாலு இடத்துல ‘தாயார் சரி என்றார்’னு எழுதியிருக்காங்க. கீழ அம்மா கையெழுத்து. அது கூட்டத்துக்கு வந்ததுக்கான கையெழுத்துதான்னு நான் வாதாடிக்குவேன். ஆனா இந்த நாலு சரி இருக்கு பாரு, அது நம்ம கழுத்தைப் பிடிக்கும். ஏம்மா, நிஜமாவே நாலு தடவை சொன்னீங்களா?”

“சரிங்க” என்றாள் அம்மா.

வக்கீலம்மா மிட்டாயைக் கடித்துவிட்டார்.

ஜூன் 20, வெள்ளி

வக்கீலம்மா மனுவைக் கொடுத்துவிட்டார். நான் நாள் முழுக்கத் தண்ணீர் பாட்டில்களுக்குச் சீட்டு ஒட்டினேன். ஒரு பாட்டிலும் என்னிடம் சரி என்று சொல்லவில்லை. நிம்மதி.

ஜூன் 26, வியாழன்

அம்மா சாப்பாட்டை மறந்துவிட்டுப் போய்விட்டாள். கொடுக்கப் போனேன். ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவுக்குள் இதற்கு முன் நான் போனதில்லை, காவலாளியோடு வாசலில் நிற்பதோடு சரி.

உள்ளே ஒரே இரைச்சல். துவைக்கும் இயந்திரங்கள் ஒரு பக்கம். நடுவில், படுக்கை விரிப்பை இழுத்து இஸ்திரி போடும் பெரிய உருளை. அதை ஓட்டுகிறவர் விசையில் கை வைத்துக்கொண்டு “ஓடுதேய்!” என்று கத்தினார். உருளையைச் சுற்றி நின்ற பெண்கள் ஒவ்வொருத்தியாக “சரி!” “சரி!” “சரி!” கடைசி சரி வந்தபின்தான் விசையைத் தட்டினார். கை மாட்டிவிடக் கூடாதே என்று. இங்கே சரி என்றால் சம்மதம் இல்லை. காதில் விழுந்தது, கையை எடுத்துவிட்டேன், அவ்வளவுதான்.

அம்மா பதினாலு வருடமாக இப்படிச் சரி சொல்லிக்கொண்டிருக்கிறாள்! எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. வக்கீலம்மாவிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும்.

குதிக்கவில்லை. அடுத்த முறை கத்தியபோது அம்மாவைப் பார்த்தேன். அவளுக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற அக்கா முழங்கையால் இடித்தபிறகுதான் “சரி!” என்றாள்.

அந்த அக்கா வெளியே வந்தபோது என்னைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். “இடது காது சுத்தமாப் போச்சு, கண்ணு. வலதுல பரவாயில்ல. மேல தெரிஞ்சா உருளையில நிக்க விடமாட்டாங்க, வீட்டுக்கு அனுப்பிடுவாங்களோன்னு அவளுக்குப் பயம். நான்தான் அவளுக்குக் காது. நீ கண்டுக்காதே.”

கண்டுக்காம எப்படி இருக்கிறது? டிவியை அலற விடுவாளே, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பமாட்டாளே — அதெல்லாம் அசதி என்று நினைத்தேனே. எல்லாவற்றையும் கவனிக்கிறவள் என்று எனக்கு நானே பட்டம் வேறு கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பள்ளிக் கூட்டத்தில் அம்மா எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாளோ? அவர்கள் சொன்னதில் எவ்வளவு கேட்டதோ?

ஜூலை 3, வியாழன்

உருளையைப் பற்றி வக்கீலம்மாவிடம் சொன்னேன். மேசையைத் தட்டினார். “இதை நீயே விசாரணையில சொல்றே.”

“நானா?”

“பின்னே, உருளையா வந்து சொல்லும்?” பிறகு என்னை உற்றுப் பார்த்து, “வேற எதுவும் இருக்கா, பட்டதாரி?” என்றார்.

இல்லை என்றேன். காதைச் சொன்னால் வழக்கு ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும், தெரியும். ஆனால் அது காகிதத்தில் ஏறும். நாலு பேர் படிப்பார்கள். அம்மாவின் வேலை போய்விட்டால்? அவளே சொல்லாததை நான் எப்படி ஊரைக் கூட்டிச் சொல்வது?

ஜூலை 9, புதன்

நடந்துவிட்டது.

விசாரணை அதிகாரி பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுகிறவர். தலைமையாசிரியை எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் கெட்டவர் இல்லை. ஆள் கேட்டுக் கேட்டு அலுத்தவர், முகத்தில் தெரிகிறது. பள்ளியின் வக்கீல் மரியாதையான இளைஞர். அம்மாவின் இடப்பக்கமாக வந்து நின்று கேட்டார்.

“அன்னைக்குக் கூட்டத்துல, பொண்ணை மாத்தலாம்னு சொன்னப்ப நீங்க சரின்னு சொன்னீங்களாம்மா?”

“சரிங்க.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். அம்மாவுக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியவில்லை, அவளும் கூடச் சிரித்தாள். அதைப் பார்க்க முடியவில்லை என்னால்.

என் முறை வந்தது. உருளையைச் சொன்னேன், ஓடுதேய்யைச் சொன்னேன், கடைசி சரி வரும்வரை விசையைத் தட்டாததைச் சொன்னேன். என் சட்டைப் பட்டனுக்குத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். அதிகாரி, “சரி. ஆனா பள்ளிக்கூடம் சலவைப் பிரிவு இல்லையேம்மா. வெளியில சரின்னா சம்மதம்தானே?” என்றார்.

அப்போதுதான் அவருடைய ‘சரி’ என் காதில் விழுந்தது. யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

“ஐயா, நீங்க காலையிலேருந்து எங்க வக்கீல் பேசினதுக்கும் சரின்னீங்க, அவங்க வக்கீல் பேசினதுக்கும் சரின்னீங்க. இப்ப எனக்கும் சரின்னீங்க. எல்லாருக்கும் சம்மதிச்சிட்டீங்களா?”

என்னை வெளியே அனுப்பப் போகிறார் என்று நினைத்தேன். அவர் பேனா மூடியோடு அசையாமல் இருந்தார். “சரி—” என்று ஆரம்பித்து, நிறுத்தி, வாயைக் கையால் பொத்திக்கொண்டார். முதலில் சிரித்தது பள்ளி வக்கீல்தான்.

அதற்குப்பின் அதிகாரி தலைமையாசிரியையிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: “எங்க மாத்துறீங்க, எதுக்கு மாத்துறீங்க, வேண்டாம்னா என்ன பண்ணலாம்னு இந்த அம்மாவுக்கு விளக்கினீங்களா? அவங்க திருப்பி என்ன சொன்னாங்க?” தலைமையாசிரியை கூட்டக் குறிப்பைப் புரட்டிப் பார்த்தார். “நாங்கதான் பேசினோம். அவங்க பேசல” என்றார். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த ஒரு பதிலுக்கு நான் அவருக்குக் கடன்பட்டவள்.

வெளியே வந்ததும் வக்கீலம்மா என் கையில் ஓர் இருமல் மிட்டாயை வைத்தார். “நீ சொல்லாம வச்சிருக்கிறது என்னன்னு எனக்குத் தெரியும். அந்த வக்கீல் அம்மாவுக்கு இடப்பக்கம் நின்னப்பவே தெரிஞ்சுது. இங்க சொல்ல வேண்டாம், அது உங்க வீட்டு விஷயம். ஆனா சொல்ல வேண்டியவங்ககிட்டச் சொல்லிடு.”

ஜூலை 10, வியாழன்

சொல்லவில்லை.

ஜூலை 18, வெள்ளி

தீர்ப்பு வந்துவிட்டது. சிட்டு இதே வகுப்பில் தொடரலாம். பள்ளி உதவி ஆசிரியைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். கேட்டுக்கொண்டிருப்பதும் ஒத்துக்கொள்வதும் வேறு வேறு என்று ஒரு வரி எழுதியிருக்கிறார். இனி இப்படிப்பட்ட கூட்டங்களில் பெற்றோர் தங்கள் வாயால் என்ன புரிந்துகொண்டார்கள் என்று சொன்னபிறகே சம்மதம் எழுத வேண்டுமாம்.

அப்பாவுக்குப் போன் செய்தேன். “படிச்சவன்னா சும்மாவா!” என்றார். பின்னால் யாரிடமோ “என் பொண்ணு ஜட்ஜையே கேள்வி கேட்டுட்டா” என்று சொல்வதும் கேட்டது. ஜட்ஜ் இல்லைப்பா, அதிகாரி. திருத்தவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும்.

சிட்டுவிடம் சொன்னேன். ‘போதும்’ அட்டையைக் காட்டினாள். பேச்சு போதும், விளையாட வா என்று அர்த்தம்.

ஆகஸ்ட் 4, திங்கள்

புது உதவி ஆசிரியை வந்துவிட்டார். சின்னப் பெண். சிட்டுவோடு தரையில் உட்கார்ந்து புது அட்டைகள் வரைகிறார். தலைமையாசிரியை எங்களை அறைக்கு அழைத்து, இந்த வருடத் திட்டத்தை அம்மாவின் எதிரே உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, மெதுவாகச் சொன்னார்.

அம்மா, “சரி” என்றாள்.

“எந்தச் சரிம்மா? கேட்ட சரியா, ஒத்துக்கிட்ட சரியா?”

“இது ஒத்துக்கிட்ட சரிதான் டீச்சர்” என்றாள் அம்மா. மூன்று பேரும் சிரித்தோம்.

சுவரில் ஓர் அறிவிப்பு பார்த்தேன். பிள்ளைகளின் காதைப் பரிசோதிக்க பதின்மூன்றாம் தேதி டாக்டர் வருகிறார். வகுப்பாசிரியையிடம், பெரியவங்களுக்கும் பார்ப்பாங்களா டீச்சர் என்று கேட்டேன். யாருக்கு என்று அவர் கேட்கவே இல்லை. “கூட்டிட்டு வாங்க. நான் சொன்னேன்னே சொல்லலாம்” என்றார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

சலவைப் பிரிவு அக்காவைச் சந்தையில் பார்த்தேன். மடிக்கும் பகுதிக்கு ஆள் வேண்டுமாம், உருளையில் நின்றவர்களையே கேட்கிறார்களாம். “யாரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதில்ல, கண்ணு. அங்க ஓடுதேய்யும் கிடையாது, சரியும் கிடையாது. அவகிட்டப் பேசிப் பாரு. நான் இடிச்சு இடிச்சு என் முழங்கை தேஞ்சு போச்சு.” அந்த முழங்கைக்கு நான் என்ன செய்யப் போகிறேனோ.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மத்தியானம். அம்மா சமையலறைத் தரையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். இடப்பக்கமிருந்து, “அம்மா, கத்தரிக்கோல் எங்கே?” என்றேன்.

“சரி” என்றாள்.

சிட்டு அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இடுப்பு வளையத்தைத் திறந்து, இந்த வாரம்தான் வந்த புது அட்டையைக் கழற்றினாள். காதுக்குப் பின்னால் குவித்த ஒரு கை. ‘திரும்பச் சொல்லு.’ அதை அம்மாவின் மடியில் வைத்துவிட்டு, தன் வேலை முடிந்ததுபோல் போய்விட்டாள்.

அம்மா அட்டையைக் கையில் எடுத்தாள். வெகுநேரம் பார்த்தாள். சிரிக்கவில்லை. கீழேயும் வைக்கவில்லை.

நான் எழுந்து போய் அவளுடைய வலப்பக்கம் உட்கார்ந்தேன். இந்த ஒன்றரை மாதமாகத் தொண்டையில் வைத்திருந்ததை, என் சட்டைப் பட்டனிடம் சொல்லாமல், அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

“அம்மா, புதன்கிழமை சிட்டு ஸ்கூலுக்குக் காது பார்க்க டாக்டர் வர்றாங்க. சிட்டு பேருக்குக் கீழ உன் பேரையும் குடுக்கட்டுமா? சரின்னு மட்டும் சொல்லாதேம்மா. வர்றேன், வரமாட்டேன், ரெண்டுல ஒண்ணு சொல்லு.”