உன் படத்தில் என் அழுகை

நேற்று செம்பட்டியிலிருந்து வரும் பஸ்ஸில் உன் அழுகையைக் கேட்டேன். பின் சீட்டில் யாரோ ஒரு பெண் போனில் உன் சினிமாக் காட்சியைப் போட்டுவிட்டாள். முதலில் சத்தமே வராத நீளமான ஒரு மூச்சு. பிறகு விக்கல் மாதிரி மூன்று தடவை. அப்புறம் அந்த வசனம்: "டப்பாவ வச்சுட்டுப் போயிட்டீகளே, இனி நான் யாருக்குக் குடுக்க?" கண்டக்டர்கூடச் சிரித்தார். நீ செத்துப்போய் இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திண்டுக்கல் டைப்ரைட்டிங் வகுப்பில் நீ தட்டியது குறைவு, எங்களைச் சிரிக்க வைத்ததுதான் அதிகம். மாஸ்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அதையே மேசையெல்லாம் தேடுவதை அவர் முதுகுக்குப் பின்னால் நின்று செய்து காட்டுவாய். "ஏடி, நீ பாஸாகி ஆபீஸுக்குப் போ. நான் டிவிக்குப் போறேன்" என்றாய். அப்படியே நடந்தது. நான் கூட்டுறவுச் சங்கத்தில் உட்கார்ந்தேன். நீ உள்ளூர் கேபிள் டிவியில் கோமாளித்தனம் செய்து, சென்னைக்குப் போய், சீரியல்களில் ஓயாமல் வம்பு பேசும் எதிர்வீட்டுக்காரியானாய். "எனக்குக் கதாநாயகி மூஞ்சி இல்ல. அதனால வயசாகுதேன்னு கவலையும் இல்ல" என்பாய். அதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பாய், நான் சிரிக்கிறேனா என்று.

என் வீட்டுக்காரர் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு வேன் ஓட்டினார். அன்றைக்கு அவசரத்தில் சாப்பாட்டு டப்பாவை அடுப்படியிலேயே வைத்துவிட்டுப் போனார். மதியத்துக்குள் விபத்துச் செய்தி வந்தது. மகளுக்கு அப்போது இரண்டு வயது. நீ ஷூட்டிங்கை விட்டு ஓடி வந்து மூன்று நாளும் என் கையைப் பிடித்தபடி இருந்தாய். உன் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். எவ்வளவு தைரியமானவள் என்று அந்த நிலையிலும் நினைத்தேன்.

ஆறு வருஷம் கழித்து உன் பெரிய படம் வந்தது. "என் சிநேகிதி நடிச்சிருக்கா" என்று பெருமையாக மகளைத் தியேட்டருக்குக் கூட்டிப்போனேன். படத்தில் உன் தொல்லை தாங்காமல் புருஷன் ஓடிப்போகிறான். நீ அவனுடைய டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அழுகிறாய். மூச்சு, விக்கல், வார்த்தை எல்லாம் என்னுடையவை. தியேட்டரே அதிர்ந்தது. என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுடைய அப்பாவுக்காக நான் அழுத அழுகை அது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அந்தப் படம்தான் உன்னைத் தூக்கிவிட்டது. ஒரு பட்டுச்சேலையோடு வந்து வாசலில் நின்றாய்.

"கோவமாடி?"

"ஆமா."

"டைரக்டர் அழுன்னு சொன்னாரு. எனக்கு வரல. எங்க வீட்ல சத்தம் போட்டு அழுதா அடி விழும், ஒனக்குத் தெரியும்ல? நான் பக்கத்துல இருந்து பாத்த அழுகை ஒண்ணே ஒண்ணுதான்."

"என்னைக் கேட்டியா?"

நீ சேலையை நீட்டினாய். அதை உன் கையிலேயே திணித்துக் கதவைச் சாத்தினேன். அதன் பிறகு நீ எத்தனை தடவை கூப்பிட்டாலும் போனை எடுப்பதில்லை. உன் படம் ஓடினால் சேனலை மாற்றுவேன். மகள் மட்டும், பரீட்சையில் மார்க் குறைந்தாலும் சிநேகிதியோடு சண்டை வந்தாலும், அந்தக் காட்சியைப் போட்டுப் பார்த்துச் சிரித்துத் தேறிக்கொள்வாள். இப்போது காந்திகிராமத்தில் படிக்கிறாள், இன்னும் அப்படித்தான்.

போன தையில் ஏதோ புது நம்பர் என்று எடுத்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து நீ. குரல் பாதியாகியிருந்தது. "ஒடம்பு சரியில்லடி. செத்த நேரம் பேசு. நான் ஊருக்கு வாரேன். அது யார் அழுகைன்னு ஒம் மக கிட்ட நானே சொல்றேன். அவ என்னையத் திட்டட்டும்" என்றாய். "ஒரு மண்ணும் சொல்ல வேணாம்" என்று வைத்துவிட்டேன். நோய் அவ்வளவு முற்றியிருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பேசியிருப்பேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. உன்னிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

உன்னைத் திண்டுக்கல்லுக்குக் கொண்டுவந்த அன்று தெரு கொள்ளாத கூட்டம். மகளோடு போனேன். உன் முகத்தைப் பார்த்ததும் எனக்குள்ளிருந்து அந்த மூச்சு கிளம்பியது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. விக்கல் வந்தது. சுற்றி நின்றவர்கள் திரும்பினார்கள். யாரோ போனை உயர்த்தினார்கள். இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மகள் என் கையை இறுக்கிப் பிடித்துக் காதருகே சொன்னாள்: "அம்மா, எழவு வீட்ல போயி அவங்க மாதிரி செஞ்சு காட்டாதம்மா. அசிங்கமா இருக்கு."

சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன். உனக்காகவும் என்னால் அழ முடியவில்லை.

அன்றிலிருந்து மகள் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. பழைய சிநேகிதியின் சாவில்கூட நடித்துக்காட்டியவள் என்று நினைக்கிறாள். உண்மையைச் சொன்னால் இது தீரும். ஆனால் இத்தனை வருஷமாக எதைப் பார்த்துச் சிரித்தோம் என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். நீ சொல்லியிருந்தால் அவள் உன்னைத் திட்டியிருப்பாள், நான் அவளைக் கட்டிக்கொண்டிருப்பேன். அதற்குத்தான் வருகிறேன் என்றாய், நான்தான் வேண்டாம் என்றேன். சனிக்கிழமை ஹாஸ்டலிலிருந்து வருகிறாள். எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.