வத்தல்மலையில் நான் வால்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து காற்று. ஆடி பிறக்க இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் இந்த ஆட்டம். கடையில் பஞ்சு மூட்டையைப் பிரிக்க வழியில்லை. பிரித்தால் பாதிப் பஞ்சு பஸ் ஸ்டாண்டில் போய்த்தான் நிற்கும். கதவைச் சாத்திக்கொண்டு மெத்தை உறை தைத்தேன். மூக்கெல்லாம் இலவம் பஞ்சு, ஓயாத தும்மல்.

எங்கள் சைக்கிள் கூட்டத்தின் 'மேடு பள்ளம்' வாட்ஸப் குரூப்பில் மஞ்சுவின் செய்தி. இருபதாம் தேதி ஞாயிறு, வத்தல்மலை. தார் ரோட்டில் ஏறுவது, மறுபக்கம் பொம்மிடி பக்கமாகப் பழைய மாட்டுப் பாதையில் இறங்குவது. கீழே அவன் தம்பி தக்காளி வண்டியோடு நிற்பான், சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு வீடு வந்து சேரலாம். ஒகேனக்கல் வேண்டாமாம், ஆடியில் அங்கே கால் வைக்க இடம் இருக்காதாம்.

ஜெபா உடனே கட்டைவிரல் போட்டாள். குமரன் மூன்று கட்டைவிரல். நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

இதை இங்கே தவிர வேறு எங்கும் சொல்ல முடியாது. போன மாதம் தொப்பூர் டீக்கடை. நானும் குமரனும் மட்டும். பேசிக்கொண்டிருந்தவன் பாதி வார்த்தையில் நின்றான். கண் திறந்திருக்கிறது, ஆள் அங்கே இல்லை. வாய் எதையோ மெல்லுகிற மாதிரி அசைகிறது. டீ கிளாஸ் நழுவி உடைந்தது. உலுக்கினேன், கத்தினேன். கொஞ்ச நேரம் கழித்து, "என்னாடா?" என்றான், ஒன்றுமே நடக்காத மாதிரி. பக்கத்திலேயே லாரிகள் இறங்கிக்கொண்டிருந்தன.

சேலத்தில் டாக்டரிடம் கூட்டிப்போனதும் நான்தான். வலிப்பில் இதுவும் ஒரு வகையாம். மாத்திரை. அவர் சொல்லும்வரை சைக்கிள், பைக், உயரம், தண்ணீர், எதுவும் கூடாது. திரும்பும்போது பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டான். முதலில் மனைவி பெயர்தான் வந்தது. "கலாவுக்குத் தெரியக்கூடாதுடா. தெரிஞ்சா சைக்கிள வித்துடுவா. யாருக்குமே வேணாம். பள்ளிக்கூடத்துல தெரிஞ்சா பசங்க முன்னாடி எப்படி நிக்கறது?"

வாக்குக் கொடுத்துவிட்டேன். பள்ளியிலிருந்து என்னோடு படித்தவன், இன்று கணக்கு வாத்தியார். வேறென்ன செய்வேன்?

ஜூலை 10, வியாழன்

மழை மாதிரி மூடிக்கொண்டு வந்து ஒரு சொட்டுகூட இல்லை.

சாயங்காலம் குமரன் வீட்டு மாடி. செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். மெதுவாகத்தான் ஆரம்பித்தேன்.

"இந்த மலை வேணாம்டா. கால் வலின்னு சொல்லிடு."

"மாத்திரை சாப்பிட்டுத்தான் இருக்கேன். அதுக்கப்பறம் ஒரு தடவகூட வரல."

"வந்தா உனக்கே தெரியாதேடா. எப்படி வரலைங்கற?"

"தெரியும். வர்றதுக்கு முன்னாடி தீஞ்ச வாசன அடிக்கும். எறங்கிப் படுத்துப்பேன். போதுமா?"

அதற்குள் கலா காபியோடு மேலே வந்துவிட்டாள். உடனே பேச்சு பிரேக் பேடுக்குத் தாவியது. என்னமாய் நடிக்கிறோம் இரண்டு பேரும்! அவள் முகத்தைப் பார்க்காமல் சூடு காபியைக் குடித்ததில் நாக்கு வெந்துவிட்டது.

ஜூலை 13, ஞாயிறு

ஏரிக்கரை, கரட்டு ஓரம். சின்னச் சுற்று. வெயில், காற்று, கண்ணில் மண். பின் சக்கரம் ஒருமுறை பஞ்சர்.

குச்சி வைக்கும் ஒத்திகையும் நடந்தது. இது மஞ்சுவின் ஏற்பாடு. பென்னாகரம் பக்கத்து ஆள், ஆடு மேய்த்த காலத்துப் பழக்கம். பாதை பிரியும் இடத்தில் முதலில் போகிறவன் ஒரு கிளையை ஒடித்து, இலை நுனி போகவேண்டிய பக்கம் பார்க்கிற மாதிரிப் போட்டுவிட்டுப் போவான். கடைசியாக வருகிறவன் வால். வால்தான் குச்சியை எடுத்துத் தூர எறியவேண்டும். எறியாமல் வந்த ஒரு வாரம், அடுத்த முறை அதே பழைய குச்சியை நம்பி நாங்களே முள்ளுக்காட்டில் போய் மாட்டினோம். குச்சி இல்லாத பிரிவு என்றால் அகலமான வழி. அதுவும் மஞ்சு வைத்த சட்டம்.

"குச்சி பொய் சொல்லாது குரு. எடுக்காம விட்டாத்தான் சொல்லும்" என்பான். யாரானாலும் அவனுக்குக் 'குரு'தான்.

வத்தல்மலைக்கு நான்தான் வால் என்று முந்திக்கொண்டு கேட்டு வாங்கினேன். குமரன் முறைத்தான். டீ குடிக்கும்போது ஜெபா என் பக்கம் வந்தாள். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ், அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"என்னங்கண்ணா, குமரண்ணன் சக்கரத்தையே பாத்துட்டு வர்றீங்க? நீங்க ரெண்டு தடவ விழப் பாத்தீங்க."

"அவன் கியர்ல சத்தம் வருது. அதான்."

"எனக்கொண்ணும் கேக்கலியே."

சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. அந்த நேரம் பார்த்துக் குமரன் இந்தப் பக்கம் திரும்பினான்.

ஜூலை 16, புதன்

ஒரு மெத்தை டெலிவரி. தையல் மிஷின் பெல்ட் அறுந்தது. தலைவலி.

மத்தியானம் கலா கடைக்கு வந்தாள், தனியாக. "வூட்டுல தலகாணி எல்லாம் கல்லு மாதிரி ஆயிடுச்சுங்கண்ணா. ரெண்டு குடுங்க."

எடுத்துக் கொடுத்தேன். போகவில்லை. பஞ்சைத் தொட்டுப் பார்க்கிறாள், உறையைப் பிரிக்கிறாள், மடிக்கிறாள்.

"இப்பல்லாம் ரொம்பத் தூங்கறாரு. உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாருங்களா?"

"இந்த வெயில்ல ஓட்றோம்லம்மா. அசதியா இருக்கும்."

என் வாய் இவ்வளவு சுலபமாகப் புளுகும் என்று எனக்கே தெரியாது. அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "மலையில நீங்க அவருக்குப் பின்னாடிதானே வருவீங்க?"

"ஆமாம்மா. நான்தான் வால்."

"அப்ப சரிங்கண்ணா."

அவள் போனபிறகு ஒரு தையல்கூட நேராக விழவில்லை. எனக்கு என்மேலேயே எரிச்சல், குமரன்மேல் அதைவிட எரிச்சல்.

ஜூலை 19, சனி

காற்று குறையவில்லை. தகரக் கூரை படபடவென்று அடிக்கிறது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், நான் எம்மாத்திரம்.

எடுத்துக்கொண்டது: டியூப் 2. பம்ப். பஞ்சர் ஒட்டு. தண்ணீர். பேரீச்சை. கடலை உருண்டை (ஜெபாவுக்கு). கயிறு. முதலுதவிப் பை ஜெபா பொறுப்பு. குமரனின் மாத்திரை ஒரு அட்டை, அவனுக்குத் தெரியாமல் என் பையில்.

என் மனைவி ஷமீம் கேட்டாள், "டூருக்குப் போறவரு மூஞ்சியா இது? மௌத்தாப் போன வூட்டுக்குப் போற மாதிரி இருக்கு." சாவு வீட்டு முகமாம். சிரிப்பு வரவில்லை.

குரூப்பில் போட ஒரு வரி எழுதினேன். 'குமரனுக்கு உடம்பு சரியில்லை, மலை வேண்டாம்.' அழித்தேன். திரும்ப எழுதினேன். திரும்ப அழித்தேன். கோழை.

ஜூலை 21, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. கடை பூட்டியே இருக்கிறது.

ஏறும்வரை எந்தக் குறையும் இல்லை. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் காற்று சைக்கிளைப் பிடித்துத் தள்ளியது. குமரன் பாட்டெல்லாம் பாடினான். மேலே ஊருக்குள் டீ. சாமைக் காட்டு ஓரம் போட்டோ. பிறகு இறக்கம். முதலில் மஞ்சு, அடுத்து ஜெபா, அப்புறம் குமரன், கடைசியில் நான்.

முதல் பிரிவு. குச்சியைப் பார்த்துத் திரும்பினோம், எடுத்து எறிந்தேன். கொஞ்ச தூரத்தில் குமரன் சைக்கிளை நிறுத்திவிட்டுத் திரும்பினான். முகமெல்லாம் சிவப்பு.

"எதுக்குடா முதுகுல ஒட்டிக்கிட்டே வர்ற? நோயாளிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறியா? கொஞ்ச நேரம் என்ன மனுசனா இருக்க வுடு. தள்ளி வா!"

எனக்கும் ஏறிவிட்டது. இத்தனை நாள் அடக்கியது. "எக்கேடோ கெட்டுப் போ!" என்றேன். இந்த வாயால்தான். வேண்டுமென்றே நின்றேன், தண்ணீர் குடித்தேன், சீட்டை இறக்கினேன், அவன் சத்தம் கேட்காத வரைக்கும் காத்திருந்தேன். பிறகு வேகமாக இறங்கினேன். வழியில் ஒரு பெரிய பாறை. அதன் பின்னால் எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

இரண்டாவது பிரிவு. குச்சி கிடந்தது, இலை நுனி இடது பக்கம். எடுத்தேன், எறிந்தேன். யோசிக்கவேயில்லை. குமரன் எனக்கு முன்னால் போனவன்தானே.

கீழே கோயில் மேடை. மஞ்சுவும் ஜெபாவும் கடலை உருண்டை தின்றுகொண்டிருந்தார்கள். இரண்டு பேருமே கேட்டார்கள், "குமரன் எங்க?"

சைக்கிளை அப்படியே கீழே போட்டேன். எல்லாவற்றையும் அங்கேதான் கொட்டினேன். தொப்பூர், டாக்டர், மாத்திரை, வாக்கு.

ஜெபா கத்தவில்லை. "நான் நர்சுங்கண்ணா. எங்கிட்டகூடவா?" அவ்வளவுதான். பையைத் தூக்கிக்கொண்டு மேலே ஓட ஆரம்பித்தாள்.

மஞ்சு ஒன்றே ஒன்று கேட்டான். "ரெண்டாவது குச்சி?"

"எடுத்துட்டேன்."

கண்ணை மூடித் திறந்தான். அந்தப் பிரிவில் வலது பக்கம்தான் அகலமான வழி. ஒரு காலத்தில் லாரி வந்து கல் எடுத்த வழி. அது பள்ளத்தில் போய் முடிகிறது.

காற்றில் எங்கள் குரல் எங்களுக்கே கேட்கவில்லை. அவன் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினேன். நடுநடுவே அல்லாவையும் கூப்பிட்டேன். பள்ளத்தின் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே உண்ணிச்செடிப் புதரில் சிக்கிக் கிடந்தான். சைக்கிள் அடிவரை போய்விட்டது. ஹெல்மெட் இரண்டாகப் பிளந்திருந்தது. உயிர் இருந்தது. கயிறு போட்டு மஞ்சு இறங்கினான், நான் மேலே பிடித்துக்கொண்டேன். உள்ளங்கைத் தோல் உரிந்ததைச் சாயங்காலம்தான் பார்த்தேன்.

மணிக்கட்டும் தோள் எலும்பும் முறிவு. நெற்றியில் தையல். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்.

"தீஞ்ச வாசன வந்துச்சுடா. சொன்ன மாதிரி எறங்கிட்டேன். யாரும் பாக்கக்கூடாதுன்னு சைக்கிளோட பாறைக்குப் பின்னாடி போய்ப் படுத்தேன். எழுந்தப்ப மண்டை மந்தமா இருந்துச்சு. பிரிவுக்கு வந்து பாத்தா குச்சி இல்ல. அகல வழில போனேன்."

பிறகு என்னையே பார்த்தான். "நீ எடுத்துட்டியா?"

வாகனச் சத்தத்தில் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். அவன் சரியாகத்தான் செய்தான். படுக்கவேண்டிய இடத்தில் படுத்தான், சட்டப்படி வழி பார்த்தான். நான்தான் அவன் தாண்டிப் போய்விட்டானா என்று பார்க்காமல் குச்சியை எடுத்தேன்.

ஜூலை 23, புதன்

தூறல். காற்று கொஞ்சம் தணிந்திருக்கிறது.

குரூப்பில் மஞ்சு: 'இனி தலை எண்ணாமல் குச்சியைத் தொடக்கூடாது.' யாரும் கட்டைவிரல் போடவில்லை. ஜெபா என் போனை எடுப்பதில்லை.

குமரனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போகாமல் இருக்க முடியுமா. மஞ்சு பள்ளத்திலிருந்து மேலே ஏற்றிக் கொண்டுவந்த சைக்கிள் வாசலில் சாய்ந்து நிற்கிறது, முன் சக்கரம் முறுக்கிக்கொண்டு. குமரன் தூங்கிக்கொண்டிருந்தான். கட்டுப் போட்ட கைக்கு அடியில் என் கடைத் தலையணைகள் இரண்டும்.

கலா காபி கொடுத்தாள். கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மாத்திரை அட்டைய நான் போன மாசமே பாத்துட்டங்கண்ணா. அவரு சொல்லட்டும்னு இருந்தேன். சொல்லல. நீங்களாச்சும் சொல்லுவீங்கன்னுதான் தலகாணி வாங்க வந்தேன். வூட்டுல தலகாணிக்கு என்னா பஞ்சம்?"

காபி டம்ளரைத் தரையில் வைத்தேன்.

"போவாதீங்கன்னு என்னாலயும் சொல்ல முடியல. சைக்கிள்னா அவரு எப்படின்னு உங்களுக்கே தெரியும். நீங்க பின்னாடி வரேன்னீங்க. அத நம்பித்தான் வுட்டேன்."

எழுந்தேன். வாசலில் நின்று, இந்தச் சைக்கிளை நான் எடுத்துக்கொண்டு போய்விடட்டுமா, கண்ணில் படாமல் இருக்கட்டுமே என்று கேட்டேன்.

"வேணாங்கண்ணா, இருக்கட்டும். டாக்டரு ஓட்டலாம்னு சொல்ற அன்னிக்கு ஓட்டட்டும். அன்னிக்கு நீங்க முன்னாடி போங்க. பின்னாடி நான் வந்துக்கறேன்."

அவளுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை.