செவிப்பறை வெளியே தள்ளுகிறது

நாள் 1. காலை 6:10
துறைமுகக் கோபுரம் தண்ணீருக்குள் போன வருஷம். நிலவுக்குப் போன சரக்குக் கப்பல் திரும்பாததும், என் மகள் மோட்சராணியைக் கட்டிக்கொடுத்ததும் அதே வருஷம்தான். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல இந்தப் பெட்டி எழுதுகிறது. பெயர் சவேரியான். ஐம்பது வருஷம் சங்கு குளித்தவன். இப்போது முப்பது பாகம், அதாவது நூற்றெண்பது அடி ஆழத்தில், கடலின் அழுத்தத்துக்குக் காற்றடைத்த கடலடிக் கூண்டில், சமையலும் காவலும். வெளியே போய்க் கனிமம் அள்ளுவது தொம்மையும் அவன் மச்சான் கஸ்பாரும். எல்லாம் சரி.

நாள் 38. காலை 9:40
சளி. வலது காதில் சில்வண்டு இரைச்சல். மேலே கப்பலில் இருக்கும் மேற்பார்வையாளர் ஜெபசிங்கிடம் சொன்னேன். வந்த பதில்:
"என்ன வே, காதுக்குள்ள மாதா கோயில் மணியா? மூக்குக்கும் காதுக்கும் நடுவுல ஒரு குழாய் இருக்கு. சளியில அடைச்சிருக்கு, அதான் இரையுது. ஆவி பிடியும்."
உண்மைதான். அந்தக் குழாயை அவன் படத்தில் பார்த்தவன். நான் அதை வைத்துப் பிழைத்தவன்.

நாள் 39. காலை 11:05
இரண்டு காதிலும் இரைச்சல். நன்றாக எழுது, பெட்டி. கீழே இறங்கினால் செவிப்பறை உள்ளே அமுங்கும். மூக்கைப் பிடித்து ஊதுவோம். மேலே ஏறினால் வெளியே தள்ளும், எச்சில் விழுங்குவோம். கூண்டு தரையில் நிற்கிறது. என் செவிப்பறை வெளியே தள்ளுகிறது. மேலே கப்பலுக்குப் போகும் காற்றுக்குழாயில் எங்கோ கசிந்து உள்ளே அழுத்தம் குறைகிறது. நகராமலே மேலே ஏறிக்கொண்டிருக்கிறோம்.
மற்ற இருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. நாள் முழுக்கப் புளிப்பு மிட்டாய் சப்பி எச்சில் விழுங்குகிறவர்கள்; காதுக் குழாய் தானே திறந்துவிடும். அடைத்த காதுக்குத்தான் தெரியும்.

காலை 11:30
ஜெபசிங்கிடம் சொன்னேன். பதில்:
"அழுத்த முள்ளு அசையல வே. கருவி பொய் சொல்லாது. எழுத்து தெரியாதவரு எனக்கு அழுத்தம் படிச்சுச் சொல்ல வேண்டாம்."
கதவு திறக்கும்போதெல்லாம் துடிக்கிற முள், நேற்றிலிருந்து துடிக்கவே இல்லை; சிக்கிக்கொண்டிருக்கிறது. அதையும் சொன்னேன். காற்று வால்வை மேலிருந்துதான் திறக்க முடியும். அவன் திறக்கவில்லை.

பிற்பகல் 2:15
கஸ்பாருக்கு முட்டியில் குடைச்சல். பிறகு தோளில். பெரும்புயல் வருஷம், ஒரு செவ்வாய்க்கிழமை, என்னோடு சங்கு குளித்த சூசை இப்படித்தான் செத்தான். முதலில் முட்டி, பிறகு தோள். அழுத்தம் சட்டென்று குறைந்தால் இரத்தத்தில் குமிழி. தொம்மை கதவைத் தள்ளிப் பார்த்தான். கடல் அதை வெளியிலிருந்து அழுத்திப் பிடித்திருக்கிறது. அப்போதுதான் மிட்டாயைத் துப்பினான். மேலே கத்தினான்:
"ஏல ஜெபசிங், வால்வத் தெறல! என் மச்சான் சாகக் கெடக்கான்!"
"மேலிடத்துல கேட்டுட்டுச் சொல்லுதேன்."

மாலை 4:50
கஸ்பார் போய்விட்டான். ஜெபசிங்கின் பதில் இப்போதுதான் வந்தது:
"பெரியவரே, நீரு காலையில சொன்னத அந்தப் பெட்டியில அழிச்சிரும். 'அழி'ன்னு எழுதின பொத்தான் இருக்கும் பாரும்."
எனக்குத்தான் எழுத்துத் தெரியாதே.

மாலை 5:40
தொம்மைக்கு மூச்சு இல்லை. என் கால்கள் எங்கே என்று தெரியவில்லை. செவிப்பறை கிழிந்துவிட்டது, கழுத்தெல்லாம் ரத்தம். இரைச்சல் மட்டும் நிற்கவில்லை. பெட்டியைக் கண்டெடுப்பவரே, இங்கே நடந்ததைக் கேட்டவர்களில் உயிரோடு மிஞ்சுபவன் ஒருவன்தான். முள்ளைப் பார்த்தவன். அவன் பெயரை மறக்க வேண்டாம்: ஞானமுத்து மகன்
ஜெபசிங்