பல் பிடுங்கின அன்னைக்குப் போன மேஜை

அருமை மகனுக்குன்னு எழுதிட்டு அந்த அருமையை மட்டும் அடிச்சிருக்கேன். அடிச்சது உன் கண்ணுல படட்டும்னுதான் வேற தாள் எடுக்கலை. கடல் தாண்டி நீயும் மருமகளும் குழந்தையும் சௌக்கியமா இருப்பீங்க, அதுல எனக்குச் சந்தேகம் இல்லை. என் வயிறு எரியுதுதான், ஆனா பெத்த வயிறாப் போச்சு, அது எரிஞ்சா உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. இங்கே நாங்க சௌக்கியம்னு எழுதத்தான் கை வரலை. போன்ல சொல்லக் கூடாதான்னு கேப்பே. சொன்னேனே, மேஜைன்னு வாயைத் திறந்ததுமே அம்மா மீட்டிங் இருக்கு அப்புறம் கூப்பிடறேன்னே, அந்த மீட்டிங் இன்னும் முடியலை போல. கடிதத்துக்கு மீட்டிங் கிடையாது, உக்காந்து முழுசாப் படி.

நான் பல் பிடுங்கப் போற நாளை உனக்குச் சொன்னவளே நான்தான். வலி தாங்கலைடா, வியாழக்கிழமை காலையில போறேன், கீழ் வீட்டுத் தையல்காரர் வந்து அப்பாவுக்குத் துணையா உக்காந்திருப்பார்னு வெள்ளந்தியாச் சொன்னேன். நீயும் பயப்படாம போயிட்டு வாம்மா, சூடா எதுவும் சாப்பிடாதேன்னு உருகினே. ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுததாம். போனை வச்ச கையோட, மேஜையைப் பெட்டி கட்டி உனக்கு அனுப்பச் சொல்லி ஒரு பழம்பொருள் வியாபாரிக்கு அதே நாளைக் கொடுத்திருக்கே. தையல்காரரையும் கூப்பிட்டு, அம்மாவுக்கு எல்லாம் தெரியும், ஆள் வந்தா மேஜையை எடுத்துக்க விடுங்கன்னு சொல்லியிருக்கே. உனக்கு முதல் முழுக்கால்சட்டை தைச்சுக் கொடுத்த மனுஷன், வெளுத்ததெல்லாம் பால்னு நம்பறவர், நீ பொய் சொல்லுவேன்னு அவருக்கு எப்படித் தோணும்? இப்போ மாடி ஏறி வரவே கூச்சப்படறார், நான் எதிர்ல வந்தா ஊசியில நூல் கோக்கறாப்ல குனிஞ்சுக்கறார். அவர் மகளுக்கு வேலை கிடைச்ச நல்ல சேதியைக் கூட என்கிட்ட நேர்ல சொல்லலை, அந்தப் பொண்ணு வந்துதான் சொல்லிச்சு. உன்னால அந்த வீட்டு மூஞ்சியில நான் எப்படி முழிக்கறதுன்னு பார்த்தா, அவங்கதான் என் மூஞ்சியில முழிக்க முடியாம இருக்காங்க.

அந்த மேஜை மேல எனக்கு ஒரு ஆசையும் கிடையாது, அது உனக்கே தெரியும். உங்கப்பா வரவேற்பாளரா இருந்த ஓட்டலை இழுத்து மூடினப்போ, கூடத்துல இருக்கிற சாமான்ல ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கங்கன்னு முதலாளி சொன்னார். சமையல்காரர் புத்தியா அலமாரியைத் தூக்கிட்டுப் போனார், மேலாளர் ஆள் உயரக் கண்ணாடியை எடுத்துக்கிட்டார். உங்கப்பா, ரயிலைத் தவறவிட்டு வர்ற விருந்தாளிங்களோட உக்காந்து சதுரங்கம் ஆடின பாசத்துல, இதைக் கொண்டுவந்து நடு வீட்டுல போட்டார். நாலு பக்கமும் வெளிர் மரத்தை வெட்டிப் பதிச்ச மாலை வேலைப்பாடு, கீழே போகப் போகச் சிறுத்துப் போற கால், காலுக்குப் பித்தளைப் பூண், மேல் பலகையை இழுத்துத் திருப்பிப் போட்டா கறுப்பு வெள்ளைக் கட்டம், அதையும் எடுத்தா அடியில பகடை உருட்டி ஆடற வேற ஒரு ஆட்டத்துக்குப் பள்ளம், வெட்டின காயைப் போட ரெண்டு பக்கமும் குட்டி இழுப்பறை. இத்தனையும் இருந்து என்ன, ஒரு தண்ணி டம்ளர் வைக்க விடமாட்டார். நான் அதைச் சக்களத்தின்னுதான் கூப்பிட்டேன். இருநூறு வருஷத்துச் சாமான்னு அந்த வியாபாரி சொல்றார். சக்களத்திக்கு வயசு ஏற ஏற மவுசு, எனக்கு மூட்டு வலி.

ஆனா அப்பாவுக்கு நினைவு மங்க ஆரம்பிச்ச பிறகு நான் அப்படிக் கூப்பிடறதை விட்டுட்டேன். ஏன்னும் உனக்குத் தெரியும், தெரியாதுன்னு மட்டும் சொல்லிடாதே. நடக்கணும், நடக்காம இருந்தா கால் போயிடும்னு டாக்டர் தலைபாடா அடிச்சுக்கிட்டார், இவர் வாசல்படி தாண்ட மாட்டேன்னுட்டார். அந்த மேஜைகிட்ட மட்டும்தான் நடை. எதிராளி இல்லாததால ரெண்டு பக்கமும் அவரே ஆடுவார், வெள்ளைக்கு ஒரு காயை நகர்த்திட்டு எழுந்து, மேஜை விளிம்பைப் பிடிச்சுக்கிட்டே சுத்திப் போய் எதிர் நாற்காலியில உக்காந்து, கறுப்புக்காக யோசிச்சு ஆடிட்டு, மறுபடி எழுந்து இந்தப் பக்கம். இருந்த இடத்துலேர்ந்தே ரெண்டையும் ஆடுங்களேன்னா, அது ஓரவஞ்சனை, விருந்தாளியை அப்படி நடத்தக் கூடாதும்பார். காலையில ஆரம்பிச்சா சாப்பாட்டு வேளை வரைக்கும் நடை. நான் கொடுக்கற மாத்திரையை விட இதுதான் வேலை செய்யுதுன்னு டாக்டரே சிரிச்சார். இதை உனக்குப் போன்ல சொன்னப்போ நீயும் சிரிச்சியேடா.

பதிலுக்கு அந்த வியாபாரி மூலமா ஒரு மடக்கற சதுரங்க அட்டைப் பலகையைக் கொடுத்தனுப்பியிருக்கே பார், அதுதான் என்னால தாங்க முடியலை. அப்பாவுக்கு வித்தியாசம் தெரியாதுன்னு நீ சொன்னதா அந்த வியாபாரி சொன்னார். தெரியுதுடா. சாப்பாட்டு மேஜையை நடுவுல இழுத்துப் போட்டு அந்த அட்டையை விரிச்சு வச்சேன். உக்காந்து ஆடறார், வெட்டின காயை இல்லாத இழுப்பறையில போடறார், அது தரையில விழுது, விழுந்ததே தெரியாம அடுத்த காய்க்கு யோசிக்கறார். நான் மண்டி போட்டுக் கட்டிலுக்கு அடியிலேர்ந்து பொறுக்கறேன். எழுந்து அந்தப் பக்கம் போறது மட்டும் கிடையாது. இது சாப்பிடற இடம், இங்கே விருந்தாளி உக்கார மாட்டாங்கன்னு சொல்லிட்டார். கால் வீங்கிப் போச்சு, விரலால அழுத்தினா குழி விழுது, டாக்டர் என்னைத் திட்டறார். மருமக ஏதோ பத்திரிகையில இந்த மாதிரி மேஜை போட்ட கூடத்தைப் பார்த்து ஆசைப்பட்டாளாம். அவளைக் குத்தம் சொல்லலை, ஆசை யாருக்குத்தான் இல்லை. அவளுக்கு இல்லைன்னு சொல்ல உனக்கு வாய் இல்லை, என்கிட்ட வேணும்னு கேக்கவும் வாய் இல்லை, பொய் சொல்ல மட்டும் காது வரைக்கும் வாய் இருக்கு. எங்க காலத்துக்கு அப்புறம் உனக்குத்தானே வரப் போகுது, அதுக்குள்ள என்னடா பறக்கறே?

வீங்கின கன்னத்தோட அந்த வியாபாரி கிடங்குக்கே போனேன். மேஜைக்குக் கம்பளி சுத்திப் பெட்டியில வச்சு ஆணி அடிச்சாச்சு, உன் ஊருக்கு அடுத்த கப்பல்ல ஏறப் போகுது. உங்க மகன் எழுதிக் கொடுத்து எடுத்த சாமான்மா, அவர் வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னா நானே கொண்டுவந்து போட்டுடறேன், சொல்லலைன்னா என் கையில ஒண்ணும் இல்லைன்னார். நல்ல மனுஷன்தான், சொல்லும்போதே என் முகத்தைப் பார்க்கலை. அன்னைக்கு நடந்ததை அவரும் சொன்னார். ஆனா எனக்கு அது அப்போவே உங்கப்பா சொல்லித் தெரியும்.

அன்னைக்கு நான் வாயில பஞ்சை அடைச்சுக்கிட்டு வீட்டுக்குள்ள வர்றேன், நடு வீடு வெறிச்சுன்னு இருக்கு, உங்கப்பா முகமெல்லாம் சிரிப்பா உக்காந்திருக்கார். நம்ம பையன் வந்தான்னார். எதிர் நாற்காலியில உக்காந்தான், உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டான், ஒரு ஆட்டம் ஆடித் தோத்துட்டுச் சிரிச்சான், தலை நரைச்சுப் போச்சு பாவம், அங்கே வேலை ஜாஸ்தி போலன்னார். எனக்குக் கத்தக் கூட முடியலை, வாயெல்லாம் பஞ்சு. மிச்சத்தைத் தையல்காரர்தான் சொன்னார், ஆளுங்க மேஜையைத் தூக்க வந்தப்போ இவர் அதோட காலைப் பிடிச்சுக்கிட்டு விடலையாம். அந்த வியாபாரிதான் பக்கத்துல உக்காந்து கையைத் தடவிக் கொடுத்து, மேஜைக் கால் ஆடுதுப்பா, ரிப்பேர் பண்ணிக் கொண்டுவந்துடறேன்னு சொல்லி விடவச்சாராம். அப்பான்னு கூப்பிட்டாராம். அது நம்ம பையன் இல்லைங்க, வியாபாரிங்கன்னு நான் ரெண்டு மூணு தடவை சொல்லிப் பார்த்தேன். பெத்த பிள்ளையை எனக்கு அடையாளம் தெரியாதான்னு கோவிச்சுக்கிட்டு அழுதுட்டார். அதோட விட்டுட்டேன்.

பெத்த மனம் பித்துன்னு சொல்லுவாங்க. என் மனசு இப்போ பித்தும் இல்லை ஒண்ணும் இல்லை, தெளிவாத்தான் எழுதறேன். இந்தக் கடிதம் கிடைச்ச அன்னைக்கே அந்த வியாபாரிக்குப் பேசு, நம்பர் பின்பக்கம் இருக்கு, மேஜை திரும்பி வரணும். குழந்தைக்கு என் முத்தம். அது கண்ணு கூசுதுன்னு சொல்லிச்சே, கண் டாக்டர்கிட்ட காட்டுங்க, தள்ளிப் போடாதீங்க. உங்க எல்லாருக்கும் என் ஆசீர்வாதம் உண்டு, கோவத்துல அதை நிறுத்த எனக்குத் தெரியலை. முன்னெல்லாம் வாசல்ல சத்தம் கேட்டா பையன் வந்துட்டானான்னு தினமும் கேப்பார் உங்கப்பா, இப்போ மேஜை வந்துடுச்சான்னு மட்டும்தான் கேக்கறார். அவரைப் பொறுத்த வரைக்கும் நீ வந்தாச்சு, பக்கத்துல உக்காந்தாச்சு, கையைத் தடவிக் கொடுத்தாச்சு. நீயும் வரணும்னா வா, வேண்டாம்னு சொல்ல மாட்டேன். ஆனா வந்து நின்னா உன்னை அவர்கிட்ட யாருன்னு சொல்றதுன்னுதான் எனக்குத் தெரியலை.

இப்படிக்கு,
உன்னைப் பெத்தவள்